மல்லாட்டை எங்கே காய்க்கிறது?

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பூச்சி ஓட்டை தேடுவேன். தேங்காயைத் தட்டிப் பார்த்துக் காதில் வைத்து ஆட்டி, அப்புறமும் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். திண்டிவனம் ரோட்டோரத்தில் தர்பூசணி விற்பவர் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சிவப்பைக் காட்டுவார். வெட்டிய இடம் மட்டும் எப்படி இவ்வளவு சிவப்பு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "இன்னாம்மா, பழத்துக்குள்ள பூந்து நானா சாயம் அடிச்சிக்கினு வந்தேன்?" என்றார். அடிக்கவில்லை என்பதற்கு அவரிடம் அத்தாட்சி இல்லை. நான் வாங்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். படித்தது வேதியியல். ஆனால் எட்டாம் வகுப்பு வரைக்கும் செடி, கொடி, தவளை, காந்தம் எல்லாவற்றையும் நானே நடத்த வேண்டும். அப்பா ரயில்வேயில் கிளார்க். நான் வளர்ந்ததெல்லாம் ரயில்வே காலனியில். வயலைப் பார்த்தது ஜன்னலோரச் சீட்டிலிருந்துதான்; அதுவும் வண்டி வேகமாகப் போகும்போது.

அந்த வருஷம் ஜனவரியில் எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் சத்துணவில் போடும் காய்களை ஒதுக்கிவைக்கிறார்கள், அதனால் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பெண்களுக்குக் காய்கனி பற்றி ஒரு வினாடி வினா நடத்துவோம், ஜெயிக்கிற பெண்ணைக் கடலூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவோம் என்றார். கேள்வி தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பள்ளி நூலகத்தில் அட்டை பிய்ந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. அதில் பழங்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்றுமே நம்பும்படியாக இல்லை. வாழை மரம் மரமே இல்லையாம், பெரிய சைஸ் புல்பூண்டு இனமாம். சும்மா விடுவேனா? பொங்கலுக்குக் கட்டி எறிந்த வாழை ஒன்றைத் தெருவிலிருந்து இழுத்துவந்து பட்டை பட்டையாக உரித்தேன். உரிக்க உரிக்கப் பட்டைதான் வந்தது. கடைசியில் பொரியல் செய்கிற தண்டு மட்டும் மிஞ்சியது. மரம் என்று சொல்ல ஒரு சிராய்கூட இல்லை.

அத்தி பூப்பதில்லை என்று நாம் நினைக்கிறோம். அபூர்வமாக வருகிறவர்களை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அந்தப் புத்தகமோ, அத்தி தவறாமல் பூக்கிறது, பூவெல்லாம் பழத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது என்றது. பள்ளிக் கிணற்றடியில் ஓர் அத்தி மரம் இருந்தது. ஒரு காயைப் பிளந்து ஆய்வுக்கூட லென்ஸை வைத்துப் பார்த்தேன். குட்டிக் குட்டியாக நூற்றுக்கணக்கில் பூ. கூடவே ஒரு பூச்சியும் இருந்தது. அன்றிலிருந்து அத்திப்பழம் தொடுவதில்லை.

முந்திரிப் பழம் என்று நாம் சப்புக்கொட்டித் தின்பது பழமில்லை, வீங்கிய காம்பு; அடியில் தொங்கும் கொட்டைதான் உண்மையான பழம். பலாவின் ஒவ்வொரு சுளையும் தனித்தனிப் பூவிலிருந்து வந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் புத்தகம் என்னிடம் தோற்றது. தக்காளி காய்கறி இல்லை, பழம் என்று ஏதோ பெரிய ரகசியத்தைப் போல எழுதியிருந்தது. நம் ஊரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். "தக்காளிப் பழம் அரைக் கிலோ" என்றுதானே கேட்கிறோம்?

இப்படி ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்து, உரித்துப் பார்த்து, நாற்பது கேள்விகள் சேர்த்தேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். அட்டைகளில் எழுதித் தந்தவர் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த தமிழ் டீச்சர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், அக்கா என்று கூப்பிடுவேன். தினமும் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போய் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். எனக்கு அந்த ஊரில் அவரைவிட நெருக்கமானவர்கள் கிடையாது. ஒரு கேள்வியும் அவரே கொடுத்தார்: நிலக்கடலையை நாம் ஏன் மல்லாட்டை என்கிறோம்? மணிலாவிலிருந்து வந்த கொட்டை, மணிலாக்கொட்டை. அது வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. நம் மண்ணிலேயே முளைத்தது என்று நான் நினைத்திருந்த ஒன்று கப்பலேறி வந்தது என்றதும் அதையும் முதலில் நம்பவில்லை.

இரண்டாவது நாள் எழுதிக்கொண்டே சொன்னார், "எங்க ஸ்கூல்லேருந்து ஒரு பொண்ணு வருதும்மா. அவங்க அம்மா கூலிக்குக் களை எடுக்கப் போறவங்க. இந்த வருஷத்தோட பொண்ணை நிறுத்திட்டுக் கொல்லைக்குக் கூட்டிக்கினு போறேன்னு நிக்கிறாங்க. இது ஜெயிச்சு, கடலூருக்குப் போவுதுன்னு ஒரு காயிதம் கைல குடுத்துட்டேன்னா, ஒம்பதாவது அனுப்ப வெச்சிடுவேன்."

அப்போது நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போன பிறகு அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். நாற்பதும் இருந்தன. ஏன் எண்ணினேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

போட்டி பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. ஐந்து பள்ளிகள் வந்திருந்தன. விடை தெரிந்தால் தட்ட, மணிக்குப் பதிலாக ஆளுக்கொரு டம்ளரும் ஸ்பூனும். திண்டிவனத்துப் பெண் ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு, ஸ்பூனை ஏதோ களைக்கொத்தைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்வையாளர்களுக்குப் போட்ட முதல் வரிசையில் தமிழ் டீச்சர்.

வாழை மரமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் டம்ளர் அடித்தது. "இல்ல டீச்சர். நாரு கிழிக்க உரிச்சிக்கினே போனா உள்ள மரமே இருக்காது. எல்லாம் எலையோட அடிதான்." சரி. அத்தி எங்கே பூக்கும்? மறுபடியும் அவள். "பழத்துக்கு உள்ள." முந்திரியில் எது பழம்? "கொட்டைதான். மேல இருக்கிறது காம்பு ஊதிக்கினது."

பிளந்து பார்க்கிற வரை நானே நம்பாத விஷயங்கள் இவை. ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தமிழ் டீச்சரைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தபடி இருந்தார். மல்லாட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "மணிலாக்கொட்டை, டீச்சர்." தமிழ் டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. போதும், எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். நாற்பது அட்டையும் அந்தக் கையால் எழுதியவை. காரணமும் அவர் வாயாலேயே சொன்னதுதான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது.

கடைசியில் அவளும் எங்கள் பள்ளிப் பெண்ணும் சமமாக நின்றார்கள். எங்கள் பெண் வக்கீல் வீட்டுப் பெண், என் வகுப்புதான். இன்னும் ஒரே கேள்வி. கையில் ஓர் அட்டை மீதம் இருந்தது. அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அட்டையில் இல்லாத கேள்வியாகக் கேட்டால் சாயம் வெளுத்துவிடும் அல்லவா? மல்லாட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையே பிடித்துக்கொண்டேன்.

"மல்லாட்டை செடியின் எந்தப் பாகத்திலிருந்து காய்க்கிறது?"

திண்டிவனத்துப் பெண் ஸ்பூனை அடித்தாள். "பூவுலேருந்து, டீச்சர்."

"தவறு."

அரங்கில் சலசலப்பு. அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், முதல் வரிசையைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பெண் எழுந்து, "வேரில், டீச்சர்" என்றாள். நான் கை தட்டினேன். கூட்டமும் தட்டியது. சொல்லிக் கொடுத்த கேள்வி தீர்ந்ததும் சரக்கும் தீர்ந்தது, பார்த்தாயா என்று எனக்குள் ஒரு திருப்தி. அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அது திருப்திதான்.

அன்று சாயங்காலமே தமிழ் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு எத்தனை கேள்வி சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் கை நின்றுவிட்டது. "நீ இன்னா கேக்கற?"

"நாப்பது அட்டையும் நீங்கதான் எழுதினீங்க. அட்டைல இல்லாததைக் கேட்டதும் அது மாட்டிக்கிச்சு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"மணிலாக்கொட்டை கதையை ஆறாவதுலேயே பாடத்துல சொல்லியிருக்கேன். அது ஒண்ணுதான் என் வாயிலேருந்து போனது. மத்தது எல்லாம் அதுவா பொறுக்கிக்கினது. அதுக்கு எதைப் பாத்தாலும் பிச்சிப் பாக்கணும், உன்னை மாதிரியே." பிறகு கேட்டார், "மல்லாட்டை வேர்ல காய்க்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"புத்தகத்துல இருக்கு."

"உன் கிளாசுல கெடார்லேருந்து வர்ற பொண்ணுங்க இருக்குதுங்கல்ல? திங்கக்கிழமை அதுங்களைக் கேளு."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். பகலில் அவர் கதவைத் தாழிட்டு நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே கேட்டேன். மல்லாட்டை எங்கே காய்க்கும்? "வேர்ல டீச்சர்" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மனசு லேசானது. ஆனால் நாற்பது பேர் ஒரே குரலில் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆள் நானில்லை. கெடார்ப் பெண் ஒருத்தியை எழுப்பினேன். மூன்றாவது பெஞ்சு, மல்லாட்டை போடுகிற குடும்பம்.

"உங்க கொல்லையில எங்கே காய்க்குது?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "எங்க கொல்லையில பூவுலேருந்துதான் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"மஞ்சளா பூ பூக்கும் டீச்சர். அது வாடினதும் அதுலேருந்து விழுது மாதிரி ஒண்ணு கீழ எறங்கி மண்ணுக்குள்ள பூந்துக்கும். அங்க போய்த்தான் காய் புடிக்கும்."

"அப்புறம் ஏன் வேருன்னு சொன்ன? பரிட்சையிலயும் வேருன்னுதானே எழுதின?"

"நீங்க அப்பிடித்தானே நடத்துனீங்க? பூவுன்னு எழுதினா மார்க்கு போயிடும்ல, டீச்சர்? பரிட்சைக்கு வேரு. கொல்லைக்குப் பூவு."

மதிய இடைவேளையில் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். அவரையினச் செடிகளின் 'வேர் முடிச்சு' பற்றி ஒரு பத்தி இருந்தது. மண்ணுக்கு உரம் சேர்க்கிற சின்னச் சின்ன முடிச்சுகள். அதைத்தான் நான் காய் என்று நினைத்து ஆறு வருஷமாக நடத்தியிருக்கிறேன். வாழையை உரித்தேன், அத்தியைப் பிளந்தேன். வாரத்துக்கு இரண்டு முறை அவித்துத் தின்கிற மல்லாட்டைச் செடியை ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. நான் வகுப்பில் தப்பாகச் சொல்லிக் கொடுத்த ஒன்றைப் போட்டியில் கேட்டு, என் வகுப்புப் பெண்ணையே ஜெயிக்க வைத்திருக்கிறேன். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வக்கீல் வீட்டுப் பெண் நாற்பதும் சரியாகச் சொல்லியிருந்தால், கெட்டிக்காரி என்றிருப்பேன். திண்டிவனத்துப் பெண்ணை நான் சந்தேகப்பட்டது அவள் தாய் களை எடுக்கிறவர் என்பதால்தான். கையெழுத்து, அட்டை எல்லாம் அதற்குப் பிறகு நான் தேடிக்கொண்ட சாக்கு.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். "பேரு கடலூருக்குப் போயிடுச்சும்மா. இப்போ மாத்தினா நம்ம ஸ்கூல் மானம்தான் கப்பலேறும்" என்றார். இரண்டு நாள் நச்சரித்தும் அசையவில்லை. எனவே நானே ஒரு தாளில் எழுதினேன்: அன்றைய கேள்விக்கு இந்த மாணவி சொன்ன பதிலே சரி, தவறு கேள்வி கேட்ட என்னுடையது, முதலிடம் இவளுக்கே உரியது. கையெழுத்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை காலையில் தமிழ் டீச்சர் கதவைத் தட்டி அதை நீட்டினேன். படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு ஒரு வாரமா ஸ்கூலுக்கு வரல" என்று மட்டும் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டார்.

பாசஞ்சரில் எதிரெதிரே உட்கார்ந்தோம். விக்கிரவாண்டி வந்தது, மயிலம் வந்தது, அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். திண்டிவனத்தில் "எறங்கு" என்றார்.

ஊருக்கு வெளியே ஒரு மைல் நடந்தோம். அந்த அம்மாள் கேப்பைக் கொல்லையில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். மகளும் பக்கத்தில். இடையில் ஒரு துண்டு நிலத்தில் மல்லாட்டை மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. குறுக்கே போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தேன்.

"யம்மா, கால வெக்காதீங்க!" என்று அந்த அம்மாள் கத்தினார். "விழுது எறங்கிக்கினு இருக்குது. இப்போ மிதிச்சா காய் புடிக்குமா?"

காலை இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண் வரப்போரமாக வந்து, ஒரு செடியின் கிளையை மெல்லத் தூக்கிக் காட்டினாள். வாடிய பூ இருந்த இடத்திலிருந்து ஊசி போல ஒன்று கீழே இறங்கி, நுனி மண்ணுக்குள் போயிருந்தது. பெருமையோ கிண்டலோ அவள் முகத்தில் இல்லை. எனக்குத்தான் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாளிடம் தாளை நீட்டினேன். அவர் கையை முந்தானைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"இதுல இன்னா எழுதிக்கீது? கைநாட்டு வெக்கணுமா?"

"இல்லைங்கம்மா. நான் பண்ணின தப்பை எழுதியிருக்கேன்."

"டீச்சரு தப்பு பண்ணாங்கன்னு டீச்சரே எழுதிக் குடுப்பாங்களா?" அவர் தமிழ் டீச்சரைப் பார்த்தார். "இதுல வேற இன்னாவோ இருக்குது. நீ படி, பாப்போம்."

மகள் சத்தம் போட்டுப் படித்தாள். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். நான் ஒரு நாளும் இவ்வளவு பொறுமையாகச் சந்தேகப்பட்டதில்லை. கடைசியில், "அப்போ எம் பொண்ணு சொன்னதுதான் சரியா?" என்றார். நானும் தமிழ் டீச்சரும் ஒரே நேரத்தில் ஆமாம் என்றோம். தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "மல்லாட்டை புடுங்கி முடியட்டும். அப்பால அனுப்புறேன்."

ஜூனில் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டதாகத் தமிழ் டீச்சர் சொன்னபோது, நான் திண்டிவனம் போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஆனால் கொல்லைக்குப் போன அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. எங்களை ரோடு வரைக்கும் விட்டுவர அந்தப் பெண் கூட வந்தாள். தமிழ் டீச்சர் நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் அவளிடம் கேட்டேன், "அன்னிக்கு நான் தவறுன்னு சொன்னப்போ ஏன்மா எதுத்துப் பேசல? உனக்குத்தான் நல்லாத் தெரியுமே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒவ்வொரு தபா சரியா சொன்னப்பவும் நீங்க எங்க டீச்சரையே பாத்துக்கினு இருந்தீங்க. அவங்க சொல்லிக் குடுத்ததா நெனச்சிக்கினீங்கன்னு தெரிஞ்சுது. நான் ஒண்ணு தப்பு பண்ணிட்டா அவங்களுக்குக் கெட்ட பேரு வராதுல்ல? அதான் கம்முனு ஒக்காந்துட்டேன்."

தாழ்ந்த குரல்தான், ஆனாலும் கேட்டுவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்றார். திரும்பவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நடந்தார்.